புயல் கடைசி நேரத்தில் ஏன் திரும்புகிறது? ராமநாதபுரம் கரையை வைத்துப் பேசுவோம்

மண்டபம்_வல்லம் எழுதியது:

ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் பக்கம் எல்லார் கைப்பேசியிலும் அந்தக் கோடுதான். வங்கக்கடலில் ஒரு தாழ்வு உருவானதும் படத்தில் பாதை போட்டுவிடுகிறார்கள். காலையில் அது பாம்பனைத் தொடுகிறது, சாயங்காலம் நாகப்பட்டினத்துக்கு ஏறிவிடுகிறது, மறுநாள் கடலூர் என்கிறார்கள். கடலுக்குப் போக வாங்கும் டோக்கனை நிறுத்தி, படகைக் கட்டி, வலையைக் கரையேற்றி உட்கார்ந்திருப்போம். சில வருடம் நல்ல மழைகூட இல்லாமல் போய்விடும். உடனே டீக்கடையில் "இவங்க சொன்னது எதுதான் நடந்திருக்கு" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் அந்தப் பேச்சுக்கு வரவில்லை. புயலைத் திருப்புவது எது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சுற்றியிருக்கும் காற்றுதான் காரணம் என்று படித்தேன். புயலே இவ்வளவு பெரிய காற்று. அதையும் தள்ளுகிற காற்று எங்கே இருக்கிறது? கரையில் நிற்கிற நமக்கு அது ஏன் தெரிவதில்லை? விவரம் தெரிந்தவர்கள் நம் கரையை வைத்தே சொல்லுங்கள்.

காற்றுமானி எழுதியது:

நல்ல கேள்வி அண்ணே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வைகையில் தண்ணீர் வரும்போது பாலத்தூணை ஒட்டி ஒரு சுழி உண்டாகுமே, அது சுற்றிக்கொண்டே ஓட்டத்தோடு கீழே போகும். சுழி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது எந்தப் பக்கம் போவது என்பதை ஆறுதான் முடிவு செய்கிறது. புயலும் அப்படித்தான். மையத்தைச் சுற்றி மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கும். ஆனால் மொத்தச் சுழற்சியும் இடம்பெயர்வது பெரும்பாலும் மணிக்கு 10 முதல் 20 கி.மீ. வேகத்தில்தான்.

தள்ளும் காற்று கரையில் தெரியாததற்குக் காரணம் உயரம். வலுவான புயல் 12 கி.மீ.க்கு மேலும் உயர்ந்து நிற்கிறது. தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் தொடங்கி அந்த உச்சி வரைக்கும் அதைச் சுற்றி வீசும் காற்றையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால் என்ன திசை வருகிறதோ, ஏறத்தாழ அந்தத் திசையில்தான் புயல் போகும். நம் முகத்தில் அடிக்கிற வாடை அந்த அடுக்குகளில் அடியில் உள்ளது மட்டும்தான். 3 கி.மீ., 6 கி.மீ. உயரத்தில் என்ன வீசுகிறது என்று மண்டபம் கடற்கரையில் நின்று சொல்ல முடியாது.

சரி, அந்த உயரத்துக் காற்றை வீசவைப்பது எது? அதிகக் காற்றழுத்தப் பகுதி. பூமத்திய ரேகைக்கு வடக்கே தாழ்வைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடும், உயரழுத்தத்தைச் சுற்றி வலஞ்சுழியாக ஓடும். வங்கக்கடலுக்கு வடக்கே உயரழுத்தம் கிழக்கு மேற்காக நீண்டு படுத்திருந்தால் அதன் தெற்கு விளிம்பில் காற்று கிழக்கிலிருந்து மேற்காகப் போகும். அந்த ஓட்டத்தில் மாட்டிய புயல் இலங்கை, தமிழ்நாடு பக்கம் நேராக வந்துவிடும். உயரழுத்தம் நடுக்கடலோடு முடிந்துவிட்டால், அதன் மேற்கு முனையில் காற்று தெற்கிலிருந்து வடக்கே ஏறும். புயலும் கூடவே ஏறி ஆந்திரா, ஒடிசா என்று போய்விடும். இன்னும் வடக்கே ஏறினால் அங்கே மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று காத்திருக்கிறது. அது புயலைப் பிடித்து வடகிழக்கே வங்கதேசம், மியான்மர் பக்கம் தள்ளும்.

ஆக, புயல் திரும்புகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் உயரழுத்தம் நீண்டதும் சுருங்கியதும் விலகியதும்தான்.

பரமக்குடி_டீச்சர் எழுதியது:

வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கேட்பது இது: கடல் எங்கே சூடாக இருக்கிறதோ அந்தப் பக்கம்தானே புயல் போகும்? செய்திகளில் கடல் வெப்பம் கடல் வெப்பம் என்று சொல்லிச் சொல்லி அவர்கள் மனதில் அது பதிந்துவிட்டது. தெளிவாக ஒரு பதில் கொடுங்கள், நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.

காற்றுமானி எழுதியது:

டீச்சர், சூடு புயலின் பலத்துக்கு. திசைக்கு இல்லை. கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால் புயலுக்குத் தேவையான ஆவி கிடைக்கும். அந்தச் சூடு புயலைத் தன் பக்கம் இழுப்பதில்லை. வெதுவெதுப்பான கடலை விட்டுவிட்டுக் குளிர்ந்த கடலுக்குள் போய்ச் செத்த புயல்கள் ஏராளம். காற்று அங்கே தள்ளியது, போயின.

ஆனால் சுற்றுவழியில் ஒரு தொடர்பு உண்டு. பலம் கூடினால் புயல் உயரமாக வளரும். உயரமானால் மேலே இருக்கும் காற்றும் அதைத் தள்ள ஆரம்பிக்கும். பலவீனமான தாழ்வு மண்டலத்தின் தலை அவ்வளவு உயரம் போகாது. அதைத் தள்ளுவது 1.5 கி.மீ., 3 கி.மீ. உயரத்துக் காற்று மட்டும்தான். ஒரே இடத்தில் ஒரே நாளில் ஒரு பலமான புயலும் ஒரு மெலிந்த தாழ்வும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு திசையில் போகலாம். பிள்ளைகளுக்கு இதை மட்டும் படம் போட்டுக் காட்டினால்கூடப் போதும், பாதி விஷயம் புரிந்துவிடும்.

பழைய_அப்சர்வர் எழுதியது:

தம்பி சொன்னதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2013 டிசம்பரில் வந்த மாதி புயல். தென்மேற்கு வங்கக்கடலில் உருவாகி அது வடக்கே ஏறிக்கொண்டே போனது. மிகத் தீவிரப் புயல் என்ற நிலைக்கும் வந்தது. ஆந்திராவுக்குத்தான் போகப் போகிறது என்று நினைக்கும் அளவுக்குப் போய்விட்டு, அங்கே மேல் அடுக்குக் காற்றில் சிக்கியது. மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நிலப்பகுதியின் வறண்ட காற்றும் உள்ளே நுழைந்தது. மேகக் கூட்டம் பிய்ந்து போய் அடியில் உள்ள சுழி மட்டும் மிஞ்சியது.

அடிச்சுழிக்கு அப்புறம் யார் வழிகாட்டுவது? கீழ் அடுக்கில் வீசிக்கொண்டிருந்த வடகிழக்குக் காற்றுதான். அது அப்படியே திருப்பித் தென்மேற்காக இறக்கிக்கொண்டு வந்தது. டிசம்பர் 12 அன்று வேதாரண்யம் அருகே கரை ஏறி, பாக் நீரிணையில் மறுபடி இறங்கி, தொண்டி அருகே இரண்டாம் முறை கரையேறியது. வடக்கே போன புயல் தொண்டிக்கு வந்து முடிந்த கதை இது. வானிலைத் துறைக்காரர்கள் இன்றும் இதைப் பாடமாகச் சொல்வார்கள்.

தொண்டிக்கரை எழுதியது:

ஐயா, எங்கள் ஊர் பெயர் இந்தக் கணக்கில் வரும் என்று எனக்கு இன்றுதான் தெரியும். ஆனால் ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் பெரியவர்கள் சொல்வது, இலங்கை நமக்கு அணை மாதிரி, கிழக்கே இருந்து வருவதை அந்த மலை திருப்பிவிடும், அதனால்தான் நாகை, கடலூர் அடிபடுகிறது, நாம் தப்பிக்கிறோம் என்று. இதில் உண்மை இருக்கிறதல்லவா?

தங்கச்சிமடத்தாள் எழுதியது:

தனுஷ்கோடியை வைத்துக்கொண்டு இலங்கை அணை என்று எப்படிச் சொல்கிறீர்கள் தம்பி? எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் 1964 புயல் ராத்திரியில் அங்கிருந்து தப்பித்து வந்தவர்கள். இலங்கையைத் தாண்டித்தானே அது வந்தது.

பழைய_அப்சர்வர் எழுதியது:

அம்மா சொல்வது சரி. தெற்கு அந்தமான் கடலில் உருவான அந்தப் புயல் டிசம்பர் 21 முதல் ஏறத்தாழ நேர்கோடாக மேற்கே ஓடி வந்தது, நாளொன்றுக்கு 400 முதல் 550 கி.மீ. வரை. 1964 டிசம்பர் 22 அன்று வவுனியா பக்கமாக இலங்கையைக் கடந்து, 22-23 இரவில் தனுஷ்கோடியை அடித்தது. பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயில் உள்ளே இருந்தவர்களோடு போனது. ஊரும் போனது.

தொண்டித் தம்பி சொல்லும் மலை இலங்கையின் நடுவில், தெற்கே இருக்கிறது. அதன் உச்சி சுமார் 2,500 மீட்டர். அந்த மலைமேல் ஏறிவரும் புயலின் அடிச்சுழி உடைந்து மெலியும், அது உண்மை. வடக்கு இலங்கை சமதரை. திருகோணமலை, முல்லைத்தீவு, வவுனியா வழியாக வருகிற புயலைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. வேகமாகக் கடந்துவிட்டால் பெரிய அளவில் மெலியவும் நேரம் இருக்காது. நம் கரைக்கு நேர் கிழக்கே இருப்பது அந்தச் சமதரைதான். இதைச் சிறுபிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அணை இருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் கரையில் தங்கிவிடக் கூடாது.

காற்றுமானி எழுதியது:

ஐயா சொன்ன அந்த நேர்கோடும் அந்த வேகமும் முக்கியம். வேகமாக நேராக வருகிற புயல் என்றால் தள்ளும் காற்று எல்லா அடுக்கிலும் ஒரே திசையில், பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட புயலின் பாதையைச் சொல்வது சுலபம், தப்பிக்கத்தான் நேரம் குறைவு. மெதுவாக, தயங்கித் தயங்கி வருகிற புயல் என்றால் தள்ளும் காற்று மெலிந்திருக்கிறது. அதன் பாதையைச் சொல்வதுதான் கஷ்டம். அடுத்த முறை அறிவிப்பில் திசையைப் பார்ப்பதோடு, மணிக்கு எத்தனை கி.மீ. என்பதையும் பாருங்கள். 5 கி.மீ., 6 கி.மீ. என்று இறங்கினால் கோட்டை நம்பிப் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள்.

மண்டபம்_வல்லம் எழுதியது:

புரெவி வந்தபோது இதைத்தான் பார்த்தோம் தம்பி. வருது வருது என்றார்கள், அப்புறம் நின்றுவிட்டது. பாம்பன் பக்கம் வந்து நின்ற புயல் ஏன் அங்கேயே நின்றது?

காற்றுமானி எழுதியது:

2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவே கரை ஏறி, மறுநாள் மன்னார் வளைகுடாவில் இறங்கி, பாம்பனை ஒட்டி வந்தது. கேரளா வரைக்கும் போகும் என்று எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள், திருவனந்தபுரம்கூடத் தயாராக இருந்தது. ஆனால் ராமநாதபுரத்துக்குத் தென்மேற்கே சுமார் 40 கி.மீ. தூரத்தில் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வந்து அசையாமல் நின்றுவிட்டது. ஒரு நாளுக்கு மேல் அங்கேயே கிடந்து கடலிலேயே மெலிந்தது.

புயல் இப்படி நிற்பது எதிரெதிர்க் காற்றுகள் ஒன்றையொன்று சமன் செய்யும்போதுதான். இருபக்கமும் உயரழுத்தம் இருக்கும். ஒன்று மேற்கே தள்ளும், இன்னொன்று கிழக்கே தள்ளும். நடுவில் மாட்டியது நகராது. அந்த நேரத்தில் சின்னச் சின்ன விஷயமெல்லாம் திசையைத் தீர்மானிக்கும். பூமி சுழலும் விளைவு வடக்கே போகப் போகக் கூடுகிறதல்லவா, அதனால் எந்தக் காற்றும் தள்ளாவிட்டாலும் புயல் தானாகவே மேற்கு-வடமேற்காக மணிக்கு 4 முதல் 10 கி.மீ. வரை நகரப் பார்க்கும். தள்ளும் காற்று பலமாக இருக்கும்போது இது கணக்கிலேயே தெரியாது. காற்று ஓய்ந்தபோது தெரியும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மையம் நம் பக்கத்தில் கிடந்தது, கொட்டித் தீர்த்த மழையோ கொள்ளிடம், சிதம்பரத்தில். 30 செ.மீ.க்கு மேல். சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. மையத்துக்கு வடக்கே கடலிலிருந்து கிழக்குக் காற்று நிற்காமல் உள்ளே வந்துகொண்டே இருந்ததுதான் காரணம். நகராத புயல் நகரும் புயலைவிட அதிகமாக நனைக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புதுச்சேரி அருகே கரை ஏறி அங்கேயே தயங்கி நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.யைத் தாண்டியது.

முண்டுமிளகாய் எழுதியது:

படகுக்காரர்கள் பேசுகிறீர்கள், எங்களையும் கொஞ்சம் நினையுங்கள். சாயல்குடி பக்கம் மானாவாரி மிளகாய். எங்களுக்குக் கண்மாய் பெருகினால்தான் வருடம். புயல் நாகைக்கோ சென்னைக்கோ திரும்பினால் எங்களுக்கு மழை போனது மட்டுமில்லை, அதற்கு அப்புறம் நாலு நாள் வெயில் காய்கிறது. இருந்த மேகமும் போய்விடுகிறது. இது ஏன்?

பழைய_அப்சர்வர் எழுதியது:

நீங்கள் பார்த்தது சரியானதுதான் தம்பி. புயல் வடக்கே போனால் நாம் அதன் தென்மேற்குப் பக்கம் ஆகிவிடுகிறோம். இடஞ்சுழியில் அந்தப் பக்கம் காற்று வடமேற்கிலிருந்து, மேற்கிலிருந்து வரும். அது நிலத்தைக் கடந்து வந்த காற்று. ஈரம் குறைவு. வழக்கமாக நமக்கு மழை கொண்டுவருகிற கடல்காற்று முழுவதையும் புயல் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. புயல் ஆந்திரா, ஒடிசா பக்கம் ஏறிப்போன பிறகு தமிழ்நாட்டில் சில நாள் பருவமழையே ஓய்ந்துபோவது இதனால்தான். அது மெலிந்து, கிழக்குக் காற்று மறுபடி நிலைக்க வேண்டும், அப்போதுதான் மழை திரும்பும்.

மழைக்குப் புயல்தான் வேண்டும் என்றில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே பகலில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அன்று கடலில் புயல் எதுவும் இல்லை, பெயர் வைத்த ஒன்றும் இல்லை. வளிமண்டலச் சுழற்சி மட்டும்.

பரமக்குடி_டீச்சர் எழுதியது:

இரண்டு புயல் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று திருப்பும் என்று படித்திருக்கிறேன். நமக்கு அது நடக்குமா?

காற்றுமானி எழுதியது:

நடக்கும், ஆனால் வங்கக்கடலில் அபூர்வம் டீச்சர். ஒன்றுக்கொன்று ஆயிரத்துச் சொச்சம் கி.மீ.க்குள் வந்தால் இரண்டும் நடுவில் ஒரு புள்ளியைச் சுற்ற ஆரம்பிக்கும். ஜப்பானிய வானிலையாளர் ஃபுஜிவாரா 1921-இல் இதை விளக்கினார், அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். பசிபிக்கில் அடிக்கடி நடக்கும்.

தொண்டிக்கரை எழுதியது:

சரி, காற்றுதான் திருப்புகிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் காற்றை அளந்துவிட்டால் பாதையைத் துல்லியமாகச் சொல்லிவிடலாமே? ஏன் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு ஊரைச் சொல்கிறது?

காற்றுமானி எழுதியது:

அளப்பதில்தான் சிக்கல். மேல் அடுக்குக் காற்றை நேரடியாக அளக்க பலூன் விடுகிறார்கள். சென்னை, காரைக்கால், திருவனந்தபுரம் போன்ற இடங்களில் விடுகிறார்கள். எல்லாம் நிலத்தில். புயலைத் தள்ளுகிற காற்றோ நடுக்கடலுக்கு மேலே இருக்கிறது. அங்கே பலூன் விட ஆளில்லை. செயற்கைக்கோள் படத்தில் மேகம் நகர்வதைப் பார்த்துக் காற்றைக் கணக்கிடுகிறார்கள், கப்பல்களிலிருந்தும் மிதவைகளிலிருந்தும் கிடைப்பதைச் சேர்க்கிறார்கள். மேகம் இல்லாத இடத்தில் இடைவெளி விழும். அந்த இடைவெளியை அமெரிக்கர்களின் கணினிக் கணிப்பு ஒருவிதமாக நிரப்பும், ஐரோப்பியர்களின் கணிப்பு வேறுவிதமாக நிரப்பும். செயலி எந்தக் கணிப்பை எடுக்கிறதோ அந்த ஊரைத்தான் சொல்லும்.

இப்போது கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். மணிக்கு 15 கி.மீ. என்றால் ஒரு நாளில் 360 கி.மீ. அந்தப் பயணத்தில் திசை வெறும் 10 பாகை விலகினால் கரை சேரும் இடம் 60 கி.மீ.க்கு மேல் மாறிவிடும். பாம்பனுக்கும் தொண்டிக்கும் உள்ள தூரமே ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு முழு நாளுக்கு முன்னால், கடலுக்கு மேலே 6 கி.மீ. உயரத்தில் வீசுகிற காற்றில் 10 பாகைக்கும் குறைவான பிழையோடு கணக்குப் போட வேண்டும். இவ்வளவு கஷ்டமான வேலையில் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் 24 மணி நேர முன்னறிவிப்பின் சராசரிப் பிழை இன்று 100 கி.மீ.க்குள் வந்திருக்கிறது. எனக்கு அது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. டீக்கடையில் யாராவது ஒன்றுமே சரியில்லை என்றால் இந்தக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள்.

இதற்கு மேல் மேலைக்காற்றின் தாழ்வுப் பள்ளம், அதாவது அழுத்தம் குறைந்த நீண்ட பகுதி, என்று ஒன்று இருக்கிறது. வடக்கே மேற்கிலிருந்து கிழக்காக அலை அலையாக நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பள்ளம் தெற்கே இறங்கும் நேரத்தில் புயல் அந்தத் தீர்க்கரேகையில் இருந்தால் பிடித்து வடகிழக்கே கொண்டுபோகும். கொஞ்சம் தாமதித்தால் பள்ளம் கடந்துவிடும், புயல் பழைய பாதையிலேயே மேற்கே போகும். 2017-இல் ஒக்கி இப்படித்தான். கன்னியாகுமரியைத் தாண்டி லட்சத்தீவு வரை மேற்கே போனது, அங்கே பள்ளம் பிடித்து வடக்கே, வடகிழக்கே திருப்பியது. மெலிந்துகொண்டே குஜராத் கரை வரைக்கும் போனது. குமரி மாவட்டத்து மீனவர்கள் எத்தனை பேர் திரும்பவே இல்லை. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு அந்தத் திருப்பம் தெரியவே வழியில்லாமல் போனது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

தங்கச்சிமடத்தாள் எழுதியது:

வீட்டில் இருக்கிற எங்களுக்கு மேல்காற்று, பள்ளம் எல்லாம் எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

பழைய_அப்சர்வர் எழுதியது:

முழுதாக இல்லை அம்மா. ஆனால் பகலில் வானத்தைப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறப் பிசிறு மேகம் வேகமாக ஓடும், வாடைக்காலத்தில் அது பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். அதன் இடைவெளியில் மிக உயரத்தில் வெள்ளை நூல் மாதிரி மேகம் தெரியும். வீட்டு ஓரத்தையோ தென்னை உச்சியையோ அடையாளம் வைத்துக்கொண்டு அந்த நூல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். அடிமேகத்துக்கு நேர் எதிராகப் போனால் மேலும் கீழும் காற்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். இரண்டும் ஒரே பக்கம் போனால் ஒத்துப்போகிறது. நம் தலைக்கு மேலே இருப்பது மட்டும்தான் இப்படித் தெரியும், 500 கி.மீ. தள்ளி இருக்கும் புயலுக்கு மேலே எப்படி என்று தெரியாது. எச்சரிக்கையை இதை வைத்து மீறக் கூடாது.

காற்றுமானி எழுதியது:

கைப்பேசியில் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். விண்டி (Windy) என்ற வானிலைச் செயலியில் பக்கத்தில் உயரத்தை மாற்றும் கோல் இருக்கிறது. எல்லாரும் தரைக்காற்றை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதை 850 ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்த அளவு, உயரம் கூடினால் எண் குறையும்) மாற்றினால் 1.5 கி.மீ. உயரம், 700 என்றால் 3 கி.மீ., 500 என்றால் 6 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, 200 என்றால் 12 கி.மீ. இந்த நான்கையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். புயலுக்கு வடக்கே கிழக்குக் காற்று எல்லா அடுக்கிலும் இருந்தால் பாதை உறுதி. 500-இல் ஒரு திசை, 850-இல் வேறு திசை என்றால் புயல் பலமாகிறதா மெலிகிறதா என்பதைப் பொறுத்துத் திசை மாறும்.

நெறியாளர்:

பழைய பாதைப் படங்களைத் தேதி, நேரம் இல்லாமல் குழுக்களில் அனுப்புவதை நிறுத்துங்கள். ஆறு மணி நேரத்துக்கு முந்தைய கோடு இன்றைய கோடு இல்லை. பகிர்வதானால் இந்திய வானிலை ஆய்வுத்துறை அறிவிப்பை நேரத்தோடு பகிருங்கள். கோட்டை மட்டும் வெட்டாமல் அதைச் சுற்றியுள்ள கூம்பையும் சேர்த்துப் பகிருங்கள். அந்தக் கூம்புக்குள் எங்கு வேண்டுமானாலும் மையம் போகலாம்.

மண்டபம்_வல்லம் எழுதியது:

இவ்வளவும் புரிந்தது. எனக்கு வேலைக்கு ஆகிற கேள்விக்கு வருகிறேன். 50, 60 கி.மீ. மாறினால் எங்களுக்கு என்ன மாறும்? படகை வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கட்டுவதா, தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கட்டுவதா? இதுதான் ஒவ்வொரு முறையும் சண்டை.

பழைய_அப்சர்வர் எழுதியது:

இதற்குத்தான் காத்திருந்தேன். எல்லாமே மாறும் தம்பி.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணிலேயே பதில் இருக்கிறது. 5, 6, 7 மூன்றும் அபாயம், 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம். 5-ம் 8-ம் ஏறினால் புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருக்கும். 6-ம் 9-ம் என்றால் வலப்பக்கம். 7-ம் 10-ம் என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். மேற்கு நோக்கி வரும் புயலின் இடப்பக்கம் என்றால் புயல் நமக்கு வடக்கே கடக்கிறது. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கடந்ததைப் போல. வலப்பக்கம் என்றால் நமக்குத் தெற்கே, மன்னார் வளைகுடா வழியாகப் போகிறது.

வடக்கே கடந்தால் நம் காற்று முதலில் வடமேற்கிலிருந்து வரும், அப்புறம் மேற்கு, கடைசியில் தென்மேற்கு. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் தண்ணீர் கரையை விட்டு உள்வாங்கும். அதைப் பார்த்துவிட்டு வடகடல்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் கடைசிக் கட்டத்தில் காற்று கச்சான் திசைக்குத் திரும்பும்போது தென்கடல் கரை அடிவாங்கும். கீழக்கரை, ஏர்வாடி, மண்டபத்தின் தெற்குப் பக்கம் எல்லாம் திறந்த கரை. புயல் கடந்துவிட்டது என்று செய்தி வந்த பிறகு இது நடக்கும், அதனால்தான் ஏமாந்துவிடுகிறார்கள்.

தெற்கே கடந்தால் தலைகீழ். முதலில் வடகிழக்கு, அப்புறம் கிழக்கு, பிறகு தென்கிழக்கு. பாக் நீரிணைத் தண்ணீர் முழுவதும் நம் கரைக்கு அள்ளிவரும். அந்தக் கடல் ஆழமில்லாதது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள். ஆழமில்லாத கடலில் காற்று தள்ளுகிற தண்ணீருக்குப் போக இடமில்லை, மேலேதான் ஏறும். வடகடலில் கட்டிய படகு ஒன்றோடொன்று மோதி உடைவது அப்போதுதான்.

அதனால் 60 கி.மீ. திருப்பம் என்பது எந்தக் கடல் நம்மை அடிக்கும் என்பதையே மாற்றிவிடும்.

தொண்டிக்கரை எழுதியது:

ஐயா, இதை அச்சடித்து எங்கள் கரையில் ஒட்டலாமா? இவ்வளவு வருடமாகக் கூண்டு எண் கூடினால் ஆபத்து கூடுகிறது என்று மட்டும்தான் நினைத்திருந்தோம். 5-க்கும் 6-க்கும் பக்கம்தான் வித்தியாசம் என்று யாரும் சொல்லவில்லை.

பழைய_அப்சர்வர் எழுதியது:

தாராளமாக ஒட்டுங்கள். பெரிய எழுத்தில் போடுங்கள்.

மண்டபம்_வல்லம் எழுதியது:

7-ம் 10-ம் ஏறினால்?

பழைய_அப்சர்வர் எழுதியது:

மேற்கே போகும் புயல் நேராக மேலே வந்தால் முதலில் வடக்குக் காற்று, வடகடல் கரை அடிவாங்கும். மையம் வந்ததும் காற்று சட்டென்று ஓய்ந்துவிடும். அரைமணி நேரமோ கூடக் குறையவோ. வெளியே வந்து படகைப் பார்க்கலாம் என்று தோன்றும் நேரம் அது. போகவே கூடாது. மறுபடி அடிக்கும்போது தெற்கிலிருந்து அடிக்கும், அதே பலத்தில். வடக்குக் காற்றுக்குப் போட்ட கட்டு எதுவும் அதற்குத் தாங்காது. அந்த எண் ஏறினால் இரண்டு கடலிலும் மறைவு கிடையாது. படகை முடிந்த மட்டும் கரையேற்றுங்கள். முடியாததை இடைவெளி விட்டு, முன்னும் பின்னும் நங்கூரம் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆள் யாரும் படகில் தங்கக் கூடாது.

மண்டபம்_வல்லம் எழுதியது:

சரி ஐயா. எங்கள் கரையில் படகுக்குக் காவல் என்று இரவில் ஒருவர் இருவர் உள்ளேயே படுத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். கூண்டு எண்ணையும் காற்று திரும்பும் வரிசையையும் அதில் சொல்லி, இந்தக் காவல் வழக்கத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கப்போகிறேன். தொண்டித் தம்பி, நீங்கள் அச்சடிக்கும்போது எங்களுக்கும் சேர்த்து அடியுங்கள், செலவைப் பகிர்ந்துகொள்வோம்.